பன்னெண்டு மணிக்குள்ள ஒரு பேரு

— இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, ஷாஜா. நான் நம்பிட்டு எறங்கிப் போயிருதேன்.

— பத்து தடவ பறஞ்சாச்சு ஜினோ. பதினொண்ணாவது தடவ பறஞ்சா மட்டும் ஒனக்குச் செவியில கேறுமா? அந்த ஷட்டர விடுலே. பட்டப்பகல்ல கடையப் பாதி சாத்தினா மார்த்தாண்டம் முழுக்கக் குனிஞ்சு பாக்கும்.

— பாக்கட்டும். பாலத்துக்கு அடியில நல்லவன் மாதிரி உக்காந்து ஊருக்க போனெல்லாம் செரியாக்குத ஷாஜன் கூட்டாளிக்க கழுத்த எப்படி அறுத்தான்னு பாக்கட்டும்.

— செரி, பாக்கட்டும். சாயா குடிக்கியா?

— எளவு, சாயா ஒண்ணுதான் கொறச்சல்! நேத்துல இருந்து ஒரு வாய் சோறு எறங்கலலே எனக்கு. ஞாயித்துக்கிழம, சபை முடிஞ்சு வந்து சோறு தின்னுட்டுக் கெடக்கேன். ஒண்ணே காலுக்கு, நாம எழுதி நெட்டுல போட்ட கச்சான் பேக்கேஜில ஒரு புதுப் பதிப்பு வெளிய வருது. நான் விடல. நீயும் விடலன்னு சொல்லுத. அதுக்குள்ள பதினேழு வரி கூடுதல். அத எடுத்துப் போட்ட மிஷின்ல உள்ள பாஸ்வேர்டு பூராவயும் வாரிச் சுருட்டி எங்கயோ ஒரு களவனுக்கு அனுப்புது. நாம கண்டுபிடிச்சு நிறுத்ததுக்குள்ள நாப்பதாயிரம் மிஷினு!

— இன்னைக்குக் காலத்த எழும்பி அதப் பாத்தப்போ எனக்கும் சங்கடமாத்தான் இருந்துது.

— ஒனக்கா? சங்கடமா? எத்தன தேசத்துல கடல்காரன் போனுல காத்து பாக்குத ஆப்பு நம்ம கோடுத் துண்ட நம்பி ஓடுது! எல்லாத்தயும் நிறுத்தி வச்சிருக்கானுவ. ஓசியில எடுத்துக்கோன்னு ஊருக்குக் குடுத்த சாதனம். இப்ப அவனவன் நம்மளக் கெட்ட வார்த்த சொல்லி எழுதுதான்.

— கடல்காரன் காரியத்த நீ எனக்குப் பறஞ்சு தராத. ஓக்கிப் புயல்ல போனது ஒனக்க அப்பனா, எனக்க அப்பனா? நாம காலேஜு ரெண்டாம் வருசம். ஒனக்கு ஓர்ம இருக்கா? வானிலை ஆபீசுக்காரன் தாற கணக்க, ஆரு வேணும்னாலும் எடுத்து அவனவன் ஆப்புல போடுத மாதிரி மாத்திக் குடுக்கணும்னு ராப்பகலா இருந்தது ஆரு? மேக்காத்துக்கு எங்க தேங்காய்ப்பட்டணத்துக்காரன் பறயுத பேரு கச்சான். அந்தப் பேர வச்சது ஆரு? முதல் வரி எழுதின கை இது. இந்தக் கையால நான் அதுல விஷம் கலக்குவனாலே?

— அதான் எனக்கும் ஆறல. வேற எவனும் செஞ்சிருந்தா ரெண்டு கெட்ட வார்த்த சொல்லிட்டு விட்டிருப்பேன். நீ செஞ்சிருக்க.

— செஞ்சிருக்கன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்க. பின்ன எதுக்குக் கேக்க?

— கேக்கச் சொல்லி மெயில் வந்திருக்கே! உலகத்துப் பேக்கேஜ் எல்லாம் அடுக்கி வச்சிருக்க கிடங்குக்காரன் எழுதியிருக்கான், பாத்திருப்ப. ‘கச்சானுக்குச் சாவி உங்க ரெண்டு பேர் கையிலதான். எவன் கை வழியா வெளிய போச்சுன்னு இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள எழுதித் தா. இல்லன்னா ரெண்டு பேருக்கும் நிரந்தரமா கதவடைப்பு.’ திருவனந்தபுரத்துல எனக்க கம்பெனிக்காரன் காலத்தயே எனக்க லேப்டாப்பப் பூட்டிட்டான். ‘உன் மேல தப்பில்லன்னு கிடங்குக்காரன் சொல்லட்டும், அப்பறம் வேலைக்கு வா’ங்கான். இப்ப மணி பதினொண்ணேகால். ஒரு பேரு வேணும் ஷாஜா. உள்ளது ரெண்டே பேரு. எனக்க பேரு இல்ல.

— அப்ப மிச்சம் உள்ளது எனக்க பேரு. நல்ல கணக்கு.

— கணக்கு நான் போட்டதில்ல. பாஸ்வேர்டு தொலஞ்சாலும் உள்ள கேறதுக்குக் கிடங்குக்காரன் தந்தது பத்து அவசர நம்பரு. நான் எனக்க கைப்பட ரெண்டு காயிதத்துல எழுதினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு. வேற எங்கயும் கெடையாது. ஒரு நம்பரு ஒரு தடவதான் செல்லும். முதல் மூணும் நாம ஏற்கெனவே செலவழிச்சது. சனிக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு நாலாவது நம்பரப் போட்டு ஒருத்தன் உள்ள கேறியிருக்கான். எனக்க காயிதம் இருக்க எடத்துல பத்திரமா இருக்கு. ஒனக்கதக் காட்டு.

— காட்டதுக்கு எங்கிட்ட இல்ல.

— எங்க போச்சு?

— போன ஆடியில கடல் கேறுச்சுல்லா? அலமாரயோட போச்சு. காயிதம், அம்மைக்க சேல, ரேஷன் கார்டு, ஒக்க எல்லாம். ஒன்னிட்ட பறயணும்னு நெனச்சேன். நீ அப்ப தலயே நிமித்தாம வேல செஞ்சுக்கிட்டு இருந்த. மறந்து போச்சு.

— ஆகா! கடல் கொண்டு போச்சு! களவு செஞ்சவன் எல்லாம் கடல் மேல பழியப் போட்டா கடல் வந்து சாட்சி சொல்லவா போவுது?

— நெசத்தப் பறஞ்சா நம்பமாட்ட. செரி, ஒனக்க காயிதம் எங்க இருக்கு?

— எங்க வீட்டு வேதப்புத்தகத்துல. தொண்ணூத்தொண்ணாம் சங்கீதத்துல.

— ஒங்க வீட்டு வேதப்புத்தகத்த நான் கண்டிருக்கேன் மக்கா. பொட்டிப் பிரியாம இருக்கதுக்கு ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கும். வசனத்த விட வீட்டுக்கரம் தீத்த ரசீது கூட.

— நையாண்டி பண்ணாத. ரசீது, ஞானஸ்நானச் சீட்டு, எங்க அம்மைக்க கண்ணு பரிசோதிச்ச சீட்டு, எல்லாம் அதுலதான். நெய்யூருல எந்த வீட்டுலயும் போய்ப் பாரு. எங்க ஆளுவளுக்கு அதுதான் லாக்கரு. எந்தக் களவன் வீட்டுக்குள்ள கேறினாலும் வேதப்புத்தகத்தப் பிரிச்சுப் பாக்கமாட்டான்.

— களவன் பிரிக்கமாட்டான். செரிதான்.

— அப்ப நெட்டு வழியா நமக்கு ஒத்தாச செஞ்சுக்கிட்டிருந்த டேனியலுக்கு நம்பரு எங்க இருந்து போச்சு? அவன்தான்னு தெளிவாத் தெரியுது. புதுப் பதிப்புல அவனுக்க பேருதான் கெடக்கு.

— அந்த டேனியல தலையில தூக்கி வச்சது ஆரு? நானா?

— நான்தான். ஒத்துக்கிடுதேன். ரெண்டு வருசமா மொகம் பாத்ததில்ல, சத்தம் கேட்டதில்ல. எந்த ஊருக்காரன்னே தெரியாது. ஆனா எவன் எந்தக் கேள்வி கேட்டாலும் நான் எழும்பதுக்கு முன்ன பதில் எழுதி வச்சிருப்பான். பிழை இருந்தா திருத்தி அனுப்புவான். கிறிஸ்மசுக்கு வாழ்த்து அனுப்புவான். எனக்க அம்மைக்க அடக்கத்தன்னைக்கு ஒரு பக்கம் எழுதினான் ஷாஜா, நான் வாசிச்சு விம்மி விம்மி அழுதேன். நீ வந்த. பந்தல்ல கசேர எடுத்துப் போட்ட. ஒரு வார்த்த ஆறுதல் சொன்னியா?

— கசேர போட ஒரு ஆளு வேணும்ல்லாலே. முந்நூறு பேரு நின்னுக்கிட்டா இருப்பாவ?

— அப்படிப்பட்டவனே ஜனவரியில ‘சாவிய என்கிட்ட தா, பாரத்த நான் சுமக்கேன்’னு கேட்டப்போ நான் முடியாதுன்னுட்டேன். ஏன் தெரியுமா? ஒனக்க அப்பனுக்காக எழுதினத அந்நியன் கையில குடுக்கமாட்டேன்னு. அப்ப எனக்குக் குடுக்கச் சொல்லி எழுதினது ஆரு? வாயத் தொற. மெயில் கெடக்கு.

— நான்தான்.

— என்ன எழுதின?

— ‘குடுத்துத் தொலலே, நீ கெடந்து சாவாத’ன்னு எழுதினேன்.

— கண்டியா!

— என்னத்தக் கண்டியா? நீ அப்ப ஆஸ்பத்திரியில கெடந்த! கம்ப்யூட்டருக்கு முன்ன உக்காந்தபடிக்கே மயங்கிச் சரிஞ்ச. பகல்ல கம்பெனி வேல, மத்த நேரமெல்லாம் கச்சான் வேல, எவனுக்கோ ஓசியில ஒழச்சு ஒழச்சு பிரஷர் எகிறிப் போச்சு. ஒனக்க பெண்டாட்டி ஷைஜா கெடந்து அழுதுக்கிட்டு என்ன விளிச்சா. ‘அண்ணே, இவருக்கு இந்தச் சனியன்ல இருந்து விடுதல வாங்கிக் குடுங்க’ன்னா. அந்தப் பயத்துல எழுதினது அது.

— ஒருத்தருக்கும் ஒரு கேடும் நெனக்காதவன் மாதிரி பேசாத.

— மக்கா, ஒண்ணு கேக்கேன். கோவிக்காத. அந்த வேதப்புத்தகத்த ஒன்ன விட்டா ஆரு தொறப்பா?

— நானும் ஷைஜாவும். சாயங்கால ஜெபத்துக்கு. ஏன்?

— இல்ல. சும்மா கேட்டேன்.

— சும்மா இல்ல! ஷைஜாவயா சொல்லுத? வாயக் கழுவுலே! கொழுப்பெடுத்த நாயே, ஒனக்க தப்ப மறைக்க எனக்க பெண்டாட்டி தலையில கொண்டு வைக்கியா?

— நான் ஒண்ணும் வைக்கல, ஜினோ.

— கேட்டுக்க. நேத்து மத்தியானத்துல இருந்து எனக்கு ஒருத்தன் மேலயும் நம்பிக்க இல்ல. டேனியலு போனான். கம்பெனிக்காரன் நாய விரட்டுத மாதிரி விரட்டிட்டான். நீயும் போன. சபைக்காரன் ஃபோனப் போட்டு ‘என்ன தம்பி, ஏதோ களவாமே’ங்கான். இந்த ஒலகத்துல எனக்குச் சதி செய்யாத ஒரு ஆளு மிச்சம் இருக்குன்னா அது அவதான். அதுவும் இல்லன்னு எவனாவது சொன்னா, நான் எங்கயும் போய் நின்னு யோசிக்கமாட்டேன். நேரே முட்டம் பாறைக்குப் போய்க் கடல்ல குதிச்சிருவேன். வெளங்குதா?

— வெளங்குது.

— பின்ன சொல்லு. அந்த நம்பரக் குடுத்தது ஆரு?

— நான்தான்.

— என்ன நான்தான்?

— நான்தான் குடுத்தேன். நாலாவது நம்பரு. படம் பிடிச்சு டேனியலுக்கு அனுப்பினேன். சனிக்கிழம.

— இப்பத்தான் கடல் கொண்டு போச்சுன்ன?

— பொய் பறஞ்சேன்.

— எதுக்குலே?

— எதுக்குன்னா... எல்லாரும் ஒன்னத்தான பறயுதாவ. பத்திரிகைக்காரன் வந்தா ஜினோ. காலேஜுல விளிச்சுப் பொன்னாட போட்டா ஜினோ. ‘நெய்யூர் வாலிபன் செஞ்ச கச்சான்’னு எழுதினானே, அதுல எனக்க பேரு எங்க இருந்துது? நீயாவது ஒரு வாக்கு பறஞ்சியா, ‘முதல் வரி அவன் எழுதினது, அவனுக்க அப்பன் போனதுனால எழுதினது’ன்னு? நான் இஞ்ச உக்காந்து உடஞ்ச போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டு இருக்கேன். டேனியலு எனக்க பேர முதல்ல போடுதேன்னான். குடுத்தேன்.

— கேட்டிருந்தா நான் போட்டிருப்பேனே, ஷாஜா. ஒரு வார்த்த கேட்டிருந்தா.

— கேட்டு வாங்குத சாதனமா மக்கா அது?

— நீயா... நீயா செஞ்ச? காலத்துல இருந்து நான் ஒன்ன ஏசினதெல்லாம், நீ இல்லன்னு சொல்லி என்னத் திருப்பி ரெண்டு ஏச்சு ஏசணும்னுதான்லே. பைக்குல வரும்ப முழுக்க ஜெபம் பண்ணிக்கிட்டு வந்தேன், இவனா இருக்கக்கூடாது கர்த்தரேன்னு.

— நேரம் போவுது. எழுது.

— ஒனக்க கம்ப்யூட்டர இந்தப் பக்கம் திருப்பு. எனக்க லேப்டாப்பத்தான் பூட்டியாச்சே.

— இந்தா. கீபோர்டுல அந்த ‘எ’ கொஞ்சம் அமத்தி அடிக்கணும்.

— ‘ஐயா. கச்சான் பேக்கேஜைத் திறக்கும் அவசர எண்ணை வெளியாளுக்குக் கொடுத்தவர் என் கூட்டாளி ஷாஜன். அதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். எனக்கோ என் வீட்டாருக்கோ இதில் பங்கு இல்லை.’ போதுமா?

— முழுப்பேரு போடு. ஷாஜன்னா இந்த ஜில்லாவுல ஆயிரம் பேரு உண்டு. எவனாவது பாவப்பட்டவன் தலையில விழும். ஷாஜன் மரியதாசன்னு போடு.

— ஒனக்க அப்பனுக்க பேரயுமா?

— அதுதானே எனக்க பேரு. அமத்து.

— அமத்திட்டேன். போயாச்சு.

— நல்லது.

— நல்லதா? ஒண்ணு சொல்லுதேன், காதுல வாங்கிக்க. இனி எனக்க வீட்டுப் படி ஏறாத. ரோட்டுல கண்டா மாறிப் போ. எனக்க அடக்கத்துக்கும் வந்து கசேர தூக்கிப் போடாத. கூட உண்டு, கூட ஒறங்கி, நம்ப வச்சு அறுத்த பாவி நீ.

— போ மக்கா. பைக்க மெதுவா ஓட்டு.

— மக்கான்னு விளிக்காத என்ன!

— அவன் பைக்க எடுத்துட்டுப் போயாச்சு. ஷைஜா, லைன்ல இருக்கியா?

— இருக்கேன் அண்ணே. எல்லாம் கேட்டேன். என்ன காரியம் செஞ்சிய நீங்க? பன்னெண்டு மணிக்குள்ள நானே அவருட்ட சொல்லுதேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்கன்னுதான காலத்த ஒங்ககிட்ட கெஞ்சினேன்? ஒங்கள ஏத்துக்கிடவா சொன்னேன்?

— நீ விளிச்சுப் பேசிக்கிட்டு இருக்கும்பத்தான் அவன் கேறி வந்தான். போன மேசைக்குள்ள போட்டேன், கட் பண்ண நேரமில்ல. அவன் பறஞ்சதக் கேட்டல்லா? ‘அவளும் இல்லன்னா எனக்கு ஒண்ணும் இல்ல’ன்னு. அதுக்குப் பொறவு நான் என்னத்தப் பறய?

— அந்தப் பாவி டேனியலு எனக்குத்தான் அண்ணே எழுதினான். ‘சகோதரி, உங்கள் கணவர் இப்படியே போனால் தாங்கமாட்டார். மோசேயின் கையை ஆரோன் தாங்கினதுபோல நான் தாங்குகிறேன். ஒரே ஒரு எண் தாருங்கள், அவருக்குத் தெரிய வேண்டாம்’னு. நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் அந்தக் காயிதத்தப் படம் பிடிச்சேன். கர்த்தர் அனுப்பின ஆளுன்னு நெனச்சேன் அண்ணே.

— எனக்கு வெளங்குது. நீ கரஞ்சு அழாத.

— இனி அவரு வீட்டுக்கு வருவாரு. எனக்க மடியில தலைய வச்சு ‘ஷாஜன் என்னக் கெடுத்துட்டான்’னு அழுவாரு. நான் தலையத் தடவிக் குடுக்கணுமா?

— தடவிக் குடு. கொஞ்ச நாள். பொறவு எல்லாம்...

— ஆருகிட்டலே பேசுத?

— ஜினோ! நீ போவலியா?

— ஒன்ன ஒரு அறை அறையாமப் போனா கை துடிப்பு நிக்காதுன்னு பாலம் முடியுத எடம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். போன எடுக்காத. அது ஸ்பீக்கர்லயே கெடக்கட்டும். ஷைஜா.

— அத்தான்...

— நீயாட்டி அந்தக் காயிதத்தப் படம் பிடிச்ச?

— நான்தான் அத்தான். அண்ணன் ஒண்ணும் செய்யல. அவரு மேல சத்தியமா ஒரு தப்பும் இல்ல. எனக்க பேர எழுதுங்க.

— ஏட்டி, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா ஒனக்கு?

— கேட்டா முடியாதும்பிய. ஆஸ்பத்திரியில மூணு நாளு ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நானுல்லா? ஒங்களுக்கு ஒங்க பேக்கேஜு போயிருமோன்னு பயம். எனக்கு நீங்க போயிருவியளோன்னு பயம்.

— செரி, நடந்தது நடந்து போச்சு. ரெண்டு பேரும் வீட்டுல வச்சு அழுதுக்கிடுங்க. ஜினோ, மணி பன்னெண்டாக இன்னும் ஏழு நிமிசம் கெடக்கு. இப்படி வந்து உக்காரு. நெசத்தப் பறஞ்சா, நீ திரும்பி வந்தது நல்லதாப் போச்சு மக்கா. வலிய புண்ணியவாளன் மாதிரி முன்ன சாடி ஏத்துக்கிட்டேன். நீ அமத்தினதுக்குப் பொறவுதான் எனக்கு ஓர்ம வந்துது. நாளைக்கு இந்த மார்த்தாண்டத்துல ஒருத்தன் என்ன நம்பி அவனுக்க போனத் தருவானா? பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர், பாங்கிக்காரன் பிரிண்டர், எல்லாம் நம்பிக்கையில வாறது. போதாத கொறைக்கு அப்பனுக்க பேரயும் போடச் சொல்லி நானே சொன்னேன்.

— என்ன எழுதச் சொல்லுத?

— ஷைஜாவுக்க பேரு வேண்டாம். ‘முதலில் எழுதியது தவறு. எண் என் வீட்டிலிருந்து போனது. ஷாஜன் குற்றமற்றவர்.’ மூணே வாக்கியம். அது போதும்.

— என் வீட்டிலிருந்து.

— ஆமா. அதுதான நெசம்?

— என் வீட்டிலிருந்துன்னு எழுதின அந்த நிமிசம் கம்பெனி கதவ அடச்சிரும் ஷாஜா. ‘வீட்டாருக்குப் பங்கு இல்லை’ன்னு இப்பத்தான் எனக்க பேருல எழுதி அனுப்பியிருக்கேன். பொய்யனும் நான், களவனும் நான். போலீசு வந்தா அவளையில்லா கொண்டு போவான்?

— மொபைலக் கேப்பான், எழுதினதப் பாப்பான். ஏமாந்து போன பொம்பளன்னு அவனுக்கே வெளங்கும். நான் கூட வாறேன். எழுது.

— அத்தான், எழுதுங்க அத்தான். நான் போலீசுக்கு வாறேன். எனக்குப் பயமில்ல.

— ஷைஜா, போன வை.

— எழுதுவேன்னு சொல்லுங்க, வைக்கேன்.

— போன வைன்னேன்!

— பாவம், எதுக்கு அவள வெரட்டுத? எழுது மக்கா. அஞ்சு நிமிசம்.

— நீயாத்தான் சொன்ன ஷாஜா. நான் அடிச்சுச் சொல்ல வைக்கல. நீயா முன்வந்து ஏத்துக்கிட்ட.

— அது நீ அறியாம இருந்தப்போலே. அறியாதவனுக்காக ஏத்துக்கிட்டேன். இப்பத்தான் நீ அறிஞ்சாச்சே!

— நான் திரும்பி வரவே இல்லன்னு வச்சுக்க, ஷாஜா. அந்தக் கடுதாசி அப்படியே கெடக்கட்டும்.